பூட்டிக் கிடந்த ஐந்து வருஷம்

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இது கொஞ்சம் நீளமான கடிதம், மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். நீ கண்ணைச் சிரமப்படுத்தாதே. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை ஃபார்ம்வில் என்ற ஊருக்குக் காரில் கூட்டிப்போனார். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர் அது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அங்கே மோட்டன் உயர்நிலைப் பள்ளி என்ற பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். வாத்தியாரம்மாவுக்குப் பள்ளிக்கூடம்தானே சுற்றுலா என்று கிளம்பினேன். திரும்பி வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

அது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1939இல் கட்டியது. 180 பேருக்கான இடம். 1951இல் 450க்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் முற்றத்தில் மரச்சட்டத்தில் தார்த்தாள் அடித்துக் கொட்டகைகள் போட்டார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேர்க்கும், தள்ளி இருப்பவர்கள் கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அதே ஊரில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் இருந்தன.

பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரைப் போன் செய்து வெளியே வரவழைத்துவிட்டு, எல்லா வகுப்பையும் அரங்கத்தில் கூட்டினாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். நல்ல கட்டடம் தரும்வரை வகுப்புக்குப் போகமாட்டோம் என்றாள். மொத்தப் பள்ளியும் அவள் பின்னால் நடந்தது. அந்த அரங்கத்தில் நான் நின்றேன், மல்லிகா. நம் பிளஸ் ஒன் பெண்களின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

கட்டடத்துக்காக வழக்குப் போடமாட்டோம், கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி என்பதே கூடாது என்று கேட்டால் போடுகிறோம் என்றார்கள் பிள்ளைகள் உதவி கேட்ட வழக்கறிஞர்கள். பிள்ளைகளும் பெற்றோரும் ஒத்துக்கொண்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அதில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. இடையில், வழக்கின் வேகத்தைத் தணிக்க நினைத்தோ என்னவோ, கவுண்டி 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளி ஒன்றைக் கட்டித் தந்தது. அந்தப் புதுக் கட்டடத்தையும் பிறகு பூட்டினார்கள்.

இத்தனை நாளும் இந்தக் கதை தீர்ப்போடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். நாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். உண்மையில் ஆரம்பமே அங்கேதான். ஹாரி பேர்ட் என்ற செனட்டர் 1956இல் 'மாபெரும் எதிர்ப்பு' என்று முழங்கினார். கறுப்பினப் பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியை மூடிவிடலாம் என்று வர்ஜீனியா சட்டமே போட்டது. 1958 செப்டம்பரில் மூன்று ஊர்களில் பள்ளிகளை மூடினார்கள், ஏறத்தாழ 13,000 பிள்ளைகள் வெளியே நின்றார்கள். அதில் பெரும்பாலோர் வெள்ளைப் பிள்ளைகள்! 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று ரத்து செய்துவிட்டன.

ஆனால் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி வேறு வழி கண்டுபிடித்தது. 1959 ஜூனில் நிர்வாகக் குழு கூடி, பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. அவ்வளவுதான். கல் எறியவில்லை, தடி எடுக்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் பள்ளி மூடியிருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே தயார். அடுத்த வருஷம் அரசுக் கட்டண உதவியும் வரிச் சலுகையும் வேறு. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம் அரசுப் பள்ளியே இல்லை. கத்திக்கொண்டு வரும் கூட்டத்தைவிட அந்தக் கூட்டக் குறிப்புதான் என்னை நடுங்க வைக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று சில வெள்ளைக்காரர்கள் முன்வந்தார்கள். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். ஏற்றால் வழக்கைக் கைவிட்டதாகிவிடும். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று காரில் வரும்போதெல்லாம் யோசித்தேன். என் பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வழக்குதான் பெரிது என்று சொல்லும் நெஞ்சுறுதி எனக்கு வந்திருக்குமா? தெரியவில்லை. கிரிஃபின் என்ற பாதிரியார் தன் பிள்ளைகளையே வழக்கில் நிறுத்தினார். வெளி மாநிலங்களில் தெரியாதவர்கள் வீட்டில் தங்கிச் சில பிள்ளைகள் படித்தார்கள், குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினர் ஏற்பாடு செய்தார்கள். சிலருக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கொஞ்சம் எழுத்தும் கணக்கும். பலருக்குப் புகையிலைத் தோட்டம்தான்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த அன்று ஞாபகம் இருக்கிறதா? ஒன்றரை வருஷ இடைவெளிக்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தவிர வேறெதையும் எழுதத் திணறினார்கள். நீ சாயங்காலம் ஆறு மணிவரை உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுத்தாய். இங்கே ஐந்து வருஷம், மல்லிகா. 1959இல் ஆறு வயதுப் பிள்ளை, 1964இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டுப் பள்ளி திறந்தபோது பதினொரு வயது. வளர்ந்த பிள்ளைகள் பலர் திரும்பி வரவே இல்லை. வந்த இடத்திலும் வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் தனியார் பள்ளியிலேயே இருந்துவிட்டார்கள்.

பார்பராவின் பாதுகாப்புக்காக வீட்டார் அவளை மான்ட்கோமரியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு நூலகராக வேலை பார்த்து 1991இல் காலமானார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறையை விடாத தென் மாநிலங்களின் தளபதியான லீயின் சிலையை 2020இல் இறக்கினார்கள். அந்த இடத்துக்கு வர்ஜீனியா தேர்ந்தெடுத்தது பார்பராவை.

2004இல் மாநில அரசு பத்து லட்சம் டாலரும் ஒரு செல்வந்தர் பத்து லட்சமும் போட்டு, படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் மறுபடி புத்தகத்தைத் திறந்தார்கள். நம் அறிவொளி வகுப்பில் ஸ்லேட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வருவாரே ஒரு பாட்டி, அவர் நினைவுதான் வந்தது.

தை பிறந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன். அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன், அதற்குள் உன் கண் சரியாகிவிடும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் டீச்சர் உன் தெருவில்தானே இருக்கிறாள், அவளையும் வரச் சொல்.

அன்புடன்,
வசந்தா