பன்னிரண்டு அறை என்றால் எத்தனை சதுர அடி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் லத்தீன் அமெரிக்கப் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆங்கிலம் தெரியாததுதான் அவர்களுடைய தொல்லைகளுக்கெல்லாம் காரணம் என்பதுபோல் முடிந்திருந்தது. தொழிலாளர் உரிமைகளைச் சொல்லும் துண்டறிக்கையை ஸ்பானிஷில் அச்சடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அங்கேயும் உண்டு. குவாத்தமாலாக்காரருக்குத் தாய்மொழி கிச்சே, மாம் போன்ற பழங்குடி மொழியாக இருக்கலாம். மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்திலிருந்து வந்தவருக்குச் சபோதெக் என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷ் பேசுவார், படிக்கத் திணறுவார்.

அதனால் விவரம் தெரிந்த தொழிற்சங்க அமைப்பாளர்கள், மனித உடலின் முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் சுவரில் ஒட்டுகிறார்கள். வலிக்கும் இடத்தில் ஆளாளுக்குச் சிவப்புப் பொட்டு. தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று பொட்டுகள் குவியும்போது, 'எனக்கு வயசாகிவிட்டது' என்றிருந்தவர், கனத்த மெத்தையைத் தூக்கித் தூக்கி விரிப்பைச் செருகுவதால் வந்த வலி இது என்று தானே கண்டுகொள்கிறார்.

அடுத்து, கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2022-ல் இயற்றிய சட்டப்படி, 60 அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டலில் ஒருவர் 8 மணி நேரத்தில் சுத்தம் செய்ய 3,500 சதுர அடிதான் உச்சவரம்பு. 45 முதல் 59 அறைகள் என்றால் 4,000. அதைத் தாண்ட வைத்தால், அன்றைய நேரம் முழுவதற்கும் இரட்டைச் சம்பளம். ஆனால் காலையில் கையில் தரும் பட்டியலில் அறை எண்கள்தாம் இருக்கும். பன்னிரண்டு அறை என்றால் சாதாரணமாகத் தோன்றும். ஒவ்வொன்றும் 320 சதுர அடி என்றால் 3,840 ஆகிவிடுகிறது. ஆகவே அறை வகை ஒவ்வொன்றின் பரப்பையும் ஒருமுறை தெரிந்து வைத்துக்கொண்டு, தினமும் நோட்டில் எழுத வேண்டும்: அறை எண், விருந்தினர் காலி செய்ததா, தங்கியிருப்பதா, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஐந்தாம் மணி முடிவதற்குள் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை கிடைத்ததா. விருந்தினர் பெயர் வேண்டாம். நோட்டு சொந்த நோட்டாக, வீட்டில் இருக்கட்டும். ஹோட்டல் தந்த போனில் குறித்தால், வேலை போகும் நாளில் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல், தசை, மூட்டுக் காயங்களைத் தடுக்க ஒவ்வொரு ஹோட்டலும் எழுத்துமூலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். சங்கம் இல்லாத ஹோட்டலுக்கும் இது பொருந்தும். பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். அந்தத் திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது நல்ல முதல் கோரிக்கை. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போய்க் கேட்க வேண்டும். அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காப்பது கூட்டு நடவடிக்கையை. ஒருவர் தனக்காக மட்டும் முறையிடுவது அதில் அடங்காமல் போகலாம்.

அடிக்கடி நேரும் தவறு ஒன்று. ஸ்பானிஷ் பேசும் அன்பான மேற்பார்வையாளரையும் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். ஆளை வேலைக்கு எடுக்கவோ தண்டிக்கவோ அதிகாரம் உள்ளவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அவர் ஆதரவு திரட்டினால் பின்னால் சங்கம் வேண்டுமா என்று நடக்கும் வாக்கெடுப்பே சிக்கலுக்குள்ளாகலாம்.

ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் பேனிக் பட்டன் தந்துவிட்டார்கள் என்று கையெழுத்துப் போடுமுன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த மாடி, எந்த அறை என்று ஹோட்டல் காவலருக்குத் தெரிகிறதா, எத்தனை நிமிடத்தில் வந்தார்?

பழிவாங்கினால், அந்த 1935 சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் 6 மாதத்துக்குள், மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் தரலாம். ஆனால் 2002-ல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சட்டவிரோதமாக நீக்கப்பட்டிருந்தாலும் அவருக்கு வேலையிழந்த காலத்துச் சம்பளத்தை வாரியம் வாங்கித்தர முடியாது; செய்து முடித்த வேலைக்கான கூலி பாக்கியைக் கேட்கலாம். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கின் நடுவில் தெரியவந்தால், அவரோடு அவர் கூட்டிவந்த நாலு பேரும் விலகிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்