ஆசாரத்தில் (முன்கூடத்தில்) முழு வேகம், உள்வீட்டில் ஒன்றுமில்லை: வீட்டு வைஃபை பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் ஃபைபர் இணைப்பு பெற்றுள்ள வீட்டுக்காரர்கள்,
விசைத்தறி வீதி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வீட்டுக்குள் வைஃபை சிக்னல் எட்டாதது, பாக்ஸ் (ஃபைபரை வாங்கி வைஃபையாகத் தரும் கருவி) வைத்த இடம், சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசைப் பாதை), கேபிள் எதையும் சரிசெய்யாமல் புகார்களை முடித்து வைப்பது.

அய்யா,

வணக்கம். கம்பத்திலிருந்து வரும் ஃபைபரில் எங்களுக்குக் குறையில்லை. பாக்ஸில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் வலு, மைனஸ் 19 முதல் மைனஸ் 23 டிபிஎம் வரை காட்டுகிறது (டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வலு குறையும்). மைனஸ் 27ஐ நெருங்கினால்தான் கவலைப்பட வேண்டும். லைன் அறுந்தால் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிவதில்லை. லேன் வயரில் லேப்டாப்பைச் செருகினால் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு உரிய வேகம் வருகிறது. தங்கள் ஆட்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். பாக்ஸுக்கு இரண்டடி தள்ளி நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுவிட்டு, "லைன் ஓகேங்க, ஸ்பீடு சரியா வருதுங்க" என்று சொல்லிப் புகாரை மூடிவிடுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை என்று கூப்பிட்டால் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போல இருக்கிறது இது. நாங்கள் புகார் சொல்வது பாக்ஸிலிருந்து போன் வரைக்குமான தூரத்தைப் பற்றி.

எங்கள் வீதியில் வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் பின்னால் போகும். முன்னால் ஆசாரம், அப்புறம் உள்வீடு, சமையலறை, பொடக்காளி (புழக்கடை), கடைசியில் தறிக்குடோன். பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம். புதிய வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இணைப்புக் கொடுத்தபோது ஒயர் மிச்சமாகட்டும் என்று ஆசாரத்தின் முதல் சுவரிலேயே துளை போட்டு, ஈபி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பாக்ஸை மாட்டிவிட்டுப் போனார்கள். வீட்டின் ஒரு கோடியில் வைத்த பாக்ஸ் பாதி சிக்னலை வீதிக்குத்தான் அனுப்பும். மீதிப் பாதிக்கும் மீட்டரின் இரும்புப் பெட்டி குறுக்கே நிற்கிறது.

வைஃபைக்கு உள்ள 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4இல் அளந்தால் ஆசாரத்தில் மைனஸ் 42 டிபிஎம், உள்வீட்டில் மைனஸ் 65, சமையலறையில் மைனஸ் 80 என்ற அளவில் காட்டுகிறது. 10 டிபி குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும். வீடியோ அழைப்பு அறுபடாமல் ஓட மைனஸ் 67க்குக் கீழே போகக்கூடாது. மைனஸ் 80இல் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். போனில் இரண்டு கோடு தெரியும், பக்கம் திறக்காது. பாக்ஸின் ஒலிபரப்பு போனுடையதைவிட வலுவானது என்பதால் போனுக்குப் பாக்ஸ் கேட்கிறது, பாக்ஸுக்குப் போன் கேட்பதில்லை. "சிக்னல் காட்டுதுல்லங்க" என்று தங்கள் கால் சென்டரில் கேட்பவர்களுக்கு இதைத் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரில் இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும்; ஆசாரத்தைத் தாண்டி உள்வீடு வரை வந்தாலே பெரிது. தறிக்குடோனின் தகரக் கூரையும் தகரத் தடுப்பும் இரண்டையுமே திருப்பி அடிக்கின்றன.

இடம் மட்டுமே காரணமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீதியில் எல்லா வீட்டிலும் தங்கள் பாக்ஸ்தான் இருக்கிறது. வைஃபை அனலைசர் செயலியில் பார்த்தால் 2.4இல் ஒன்று சேனல் 3இல் நிற்கிறது, அடுத்தது 4இல், அதற்கடுத்தது 8இல். பல பாக்ஸ்கள் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடுகின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்து 1, 6, 11 என்ற மூன்று சேனல்களைப் பயன்படுத்தினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. ஒரே சேனலில் இரண்டு பாக்ஸ் இருந்தால்கூட ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பாதி ஏறி நிற்கும் சேனல்களில் ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். இதை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் அட்மின் பாஸ்வேர்டைத் தாங்கள் தருவதில்லை. எங்களுக்குக் கொடுத்த லாகினில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் தவிர எதையும் தொட முடியாது. டிஆர்-069 என்ற தொலைநிர்வாக முறை வழியாகத் தங்கள் அலுவலகத்திலிருந்தே இந்தப் பாக்ஸ்களின் அமைப்பை மாற்றலாம் என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்று, தாங்களே மாற்றுங்கள். இல்லையென்றால் எங்களை மாற்ற விடுங்கள். பூட்டியும் வைத்து, சரியும் செய்யாமல் இருப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

சிக்னல் வரவில்லை என்றவர்களுக்கு மாத வாடகையில் ஒரு ரிப்பீட்டரைக் கொடுத்தார்கள். அதைச் சமையலறையிலேயே செருகிவிட்டுப் போனார்கள். செத்த சிக்னலை வாங்கித் திரும்பச் சொல்கிற கருவியிடமிருந்து நல்ல சிக்னல் எப்படி வரும்? ரிப்பீட்டர் வைக்க வேண்டிய இடம் சிக்னல் இன்னும் மைனஸ் 60, 65 அளவில் இருக்கும் நடுவழி. அங்கே வைத்தாலும், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகும். எங்கள் வீடுகளின் வடிவத்துக்கு அது மருந்தே இல்லை.

மருந்து இதுதான். முதல் வழி, பாக்ஸையே உள்வீட்டுக்கு நகர்த்துவது: ஐந்தாறு அடி உயரம், பீரோவுக்கும் மீட்டருக்கும் தள்ளி, சமையலறை வாசல் தெரியும் சுவர். ஃபைபரை 3 செ.மீ.க்குக் குறைவான வளைவில் மடக்கக்கூடாது. கதவிடுக்கில் நசுங்கும்படி ஆணிக் கிளிப்பும் அடிக்கக்கூடாது. ஃபைபர் கனெக்டரில் பச்சை முனைக்குப் பச்சை முனைதான் சேர வேண்டும். நீல முனையைச் செருகினால் முகக்கோணம் பொருந்தாமல் ஒளி திரும்பி அடிக்கும், நல்ல லைனும் கெடும். நகர்த்திய பிறகு பவர் மீட்டரில் அளந்து அந்த எண்ணைச் சேவைச் சீட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது வழி, பின்பக்கத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் நெட் வாங்கி அங்கே வைஃபை தரும் கருவி. பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்து கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். முழுச் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும், செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் வேண்டாம். பல வீடுகளில் நான்கு கம்பியை மட்டும் முனையில் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) விட்டுப் போயிருக்கிறார்கள். அதில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. எட்டுக் கம்பியும் வேண்டும், வரிசை இரு முனையிலும் ஒன்றுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. தறி மோட்டாருக்குப் போகும் த்ரீ ஃபேஸ் ஒயர் உள்ள குழாயிலேயே இதையும் விடக்கூடாது. குடோன் வரைக்கும் போவதானால் இடி மின்னலுக்கும், எர்த் வித்தியாசத்துக்கும் ஃபைபர்தான் பாதுகாப்பு.

இப்போது வைத்துக் கொடுத்த இரண்டாவது ரூட்டர்களில் வேறொரு கோளாறு. கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். பாக்ஸின் முகவரியும் 192.168.1.1, ரூட்டரின் முகவரியும் 192.168.1.1. சில வீட்டில் நெட்டே வருவதில்லை. சில வீட்டில் ரூட்டருக்கு வேறு எண் வரிசை கொடுத்ததால் நெட் வருகிறது; ஆனால் அதில் சேர்ந்த கேமராவும் பிரின்டரும் ஆசாரத்துப் போனுக்குத் தெரிவதில்லை. செய்ய வேண்டியது: ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி எண் வழங்கும் வசதியை) நிறுத்தி, கேபிளை லேன் போர்ட்டில் செருகி, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பாக்ஸில் உள்ளதையே கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வைப்பது. பாக்ஸில் 1 என்றால் ரூட்டரில் 6 அல்லது 11.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியவர்களுக்குப் பழைய பாக்ஸையே விட்டுவைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அதன் லேன் போர்ட் 100 தான், வைஃபை 2.4 மட்டும்தான். எந்த மூலையில் நின்றாலும் அந்தப் பாக்ஸில் 200 வராது. பிளானை விற்கும்போதே பாக்ஸையும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றும் வரை கூடுதல் கட்டணம் வாங்குவது நியாயமில்லை.

இங்கே நெட் பொழுதுபோக்குக்கு மட்டும் இல்லை. நெய்த பீஸின் போட்டோ வியாபாரிக்குப் போக வேண்டும்; லோடு கிளம்பும் முன் இ-வே பில் போட வேண்டும்; பிள்ளைகள் உள்வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும். எல்லோரும் ஆசாரத்துக்கு வந்து பாக்ஸுக்கு அடியில் நிற்கிற நிலை இருக்கிறதே, அதற்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறோமா?

ஆகவே வீதி முழுவதற்கும் ஒரே தடவையில் சேனல்களை 1, 6, 11 என மாற்றி மாற்றி, 20 மெகாஹெர்ட்ஸில் அமைத்துத் தாருங்கள். பாக்ஸ் நகர்த்தும் செலவு, தவறாக வைத்ததற்கான திருத்தம் என்பதால், தங்களுடையது. ரிப்பீட்டர் வாடகையை நிறுத்தி, வாங்கியதைப் பில்லில் கழியுங்கள். கேபிள் செலவை நாங்கள் ஏற்கிறோம். கிரிம்ப்பும் அமைப்பும் தங்கள் ஆள் சரியாகச் செய்து தரட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு புகார் தீர்வு ஒழுங்குமுறைப்படி இந்தக் கடிதத்துக்கு டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) தாருங்கள். தீர்வு வராவிட்டால் தங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அதன் பின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

வரும் ஆள் பவர் மீட்டர், கிரிம்பிங் பிளையர், ஏணி மூன்றும் கொண்டு வரட்டும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அளந்து, மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு வந்த பிறகே சேவைச் சீட்டில் கையெழுத்துப் போடுவோம்.

இப்படிக்கு,
வீதி வீட்டுக்காரர்கள்

இணைப்பு: வீடுவாரியாக அறை அளவீடுகள், சேனல் படங்கள், ரிப்பீட்டர் வாடகை பில்களின் நகல்.