சகோதரர் டேனியல் யூதர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்ட யூதர் யூதராக நீடிக்க முடியாது என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிவு கட்டக்கூடிய விஷயமல்ல இது.

போலந்து யூதரான ஆஸ்வால்ட் ரூஃபெய்சன், இரண்டாம் உலகப் போரின்போது தம் பிறப்பை மறைத்து, நாஜிகள் பிடித்திருந்த மீர் நகரின் (இன்றைய பெலாரஸ்) ஜெர்மானியக் காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, அங்கிருந்த யூதர்களைக் கொன்றழிக்க நாள் குறிக்கப்பட்டதை முன்கூட்டியே அவர்களிடம் தெரிவித்து, துப்பாக்கிகளையும் ரகசியமாகக் கொடுத்து, 1942இல் பலர் காட்டுக்குத் தப்பியோட வழிசெய்தார். பின்பு கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருக்கையில் கத்தோலிக்கராகி, கார்மேல் சபைத் துறவியாக, சகோதரர் டேனியல் என்ற பெயரில் இஸ்ரேலுக்கு வந்து, யூதர்களுக்குரிய திரும்பிவரும் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மதம் மாறினாலும் யூதர் யூதரே என்பதுதான் யூத சமயச் சட்டத்தின் பொதுவான நிலை என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், வழக்கத்தில் மக்கள் அப்படிக் கருதுவதில்லை என்று கூறி அவரை விலக்கியதுதான் வேதனை. 1970ஆம் ஆண்டுத் திருத்தம், வேறு மதத்தைச் சேர்ந்தவர் யூதர் அல்லர் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நூற்றாண்டுகளாகக் கட்டாய ஞானஸ்நானத்துக்கு ஆளான ஒரு சமூகத்தின் அச்சத்தை, கிறிஸ்தவனான நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பழியில் திருச்சபைக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும், டேனியலுக்குச் சாதகமாகத் தனித்து நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹைம் கோனின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வாசகர், பாளையங்கோட்டை