தம்பி, அந்த ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியும்

அன்பின் தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை இரவு நீர் போன் எடுத்தபோது நான் வுட்ஸ்ரொக் பக்கத்தில் டீசல் அடித்துக்கொண்டு நின்றேன். காற்று இரைச்சலில் பாதிதான் விளங்கியது. வொல்வோ ட்ரக் உம்முடைய பெயருக்கு மாறிவிட்டது. வங்கிக்கு மாதக் காசு தொடங்கப் போகிறது. ஒரு கொம்பனி லோட் காசில் 75 வீதம் தருகிறேன் என்கிறது, இன்னொன்று மைலுக்கு இவ்வளவு என்கிறது. இதற்கிடையில் உம்முடைய மச்சான், "ஏன் மற்றவனுக்குக் கீழே ஓட வேண்டும், சொந்தமாக அதோரிட்டி எடு" என்று, அதாவது உம்முடைய பெயரிலேயே லோட் ஓட அரசு அனுமதி எடுக்கச் சொல்லி நிற்கிறார். "அண்ணை, எது நல்லம்?" என்று கேட்டீர். ஞாயிற்றுக்கிழமை கதைப்பம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் கதைத்தால் வீதக் கணக்கோடு நின்றுவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களும் பார்க்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உம்முடைய பெயரைப் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லைத் துப்புரவாக்குவோம். எங்கள் ஆட்கள் 'லீஸ்' என்று இரண்டு விஷயத்தைச் சொல்கிறார்கள். கொம்பனியே ட்ரக்கைத் தந்து, வாரா வாரம் உம்முடைய உழைப்பில் கழித்து, கடைசியில் ட்ரக் உமக்கே என்பது ஒன்று. சொந்த ட்ரக்கைக் கொம்பனியின் பெயருக்குக் கீழே ஓட விடுவது மற்றது. முதலாவதன் பக்கம் போகாமல் வங்கியில் கடன் எடுத்தீரே, நல்ல புத்தி. ட்ரக்கும் அவனுடையது, லோட்டும் அவனுடையது என்றால் லோட் குறைகிற மாதம் ட்ரக் காசு கட்ட ஏலாது. ட்ரக் அவனிடமே திரும்பிப் போகும், அதே சீற்றில் அடுத்தவன் ஏறுவான். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் அமைத்த குழு, இந்த வகை ஒப்பந்தங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. சரி, அது உமக்குரிய கதை இல்லை. உம்முடைய கேள்வி இரண்டாவது.

மச்சான் சொல்வதை முதலில் எடுப்போம். 2016இல் நானும் அதைத்தான் செய்தேன்.

அதோரிட்டி எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒன்ராறியோவில் சீவிஓஆர் என்ற வர்த்தக வாகனப் பதிவு வேண்டும், அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எல்லை தாண்டி ஓட அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்கள இலக்கமும் அதோரிட்டியும் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 300 அமெரிக்க டொலர்தான். ஒரு பின்னேரத்தில் பாரங்களை நிரப்பிவிடலாம். அடுத்த நாள் இன்சூரன்ஸ் புரோக்கர் போன் எடுப்பார். அப்போது நாற்காலியில் இருந்துகொண்டு கேட்பது நல்லது.

நான் 2011இல் ட்ரக் வாங்கி, மிசிசாகாவில் ஒரு கொம்பனிக்குக் கீழே ஐந்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியவன். புரோக்கர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் எத்தனை வருஷம் இருந்தது?" ஒரு நாளும் இருந்ததில்லை. ஐந்து வருஷமும் கொம்பனியின் பொலிசியில் ஓடியிருக்கிறேன். அவர்களின் கணக்கில் நான் நேற்றுப் பிறந்த பிள்ளை. பழைய கொம்பனி ஓர் அனுபவக் கடிதம் தந்தால் உதவும் என்றார். அந்தக் கொம்பனியோடு நான் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டவன், கடிதம் வர ஏழு கிழமை எடுத்தது. கடைசியில் வேறு எவரும் எடுக்காத வாகனங்கள் போய்ச் சேரும் பசிலிற்றி அசோசியேஷனில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அந்தத் தொகையைப் பார்த்து அண்ணி, "இது வருஷத்துக்கா, வாழ்நாளுக்கா?" என்று கேட்டா.

இன்சூரன்ஸ் முடிந்தால் லோட் ஓடி வரும் என்று நினைத்தேன். புது அதோரிட்டிக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்று, லோட் பிடித்துத் தரும் புரோக்கர்கள் பலர் கதவைச் சாத்தினார்கள். தந்தவர்களும் 30 நாள், 45 நாள் கழித்துத்தான் காசு தருவார்கள். டீசல் கடைக்காரன் 45 நாள் பார்த்துக்கொண்டிருப்பானா? அதனால் பில்லை பக்ரறிங் கொம்பனிக்கு விற்று, அவன் ஒரு துண்டைப் பிய்த்துக்கொள்ள மிச்சத்தை வாங்குவோம். கொம்பனி எடுக்கும் 25 வீதத்தை மச்சான் பெரிதாகச் சொல்கிறார். சொந்தமாக ஓடினாலும் அது பல கைகளுக்கு நூறு நூறாய்ப் போகத்தான் செய்யும். ஒரே வரியில் எழுதியிராது, அவ்வளவுதான்.

இன்னொன்று மச்சானுக்குத் தெரியாது, அவர் எல்லை தாண்டி ஓடியதில்லை. சிக்காகோவில் இறக்கிவிட்டு நிற்பீர். அட்லாண்டாவுக்கு அருமையான லோட் ஒன்று கிடக்கும். உம்மால் தொட முடியாது. கனடாச் சாரதி அமெரிக்காவுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது. கனடாவுக்குத் திரும்பும் லோட்தான் எடுக்க வேண்டும், அது கிடைக்கும்வரை ஹோட்டல் இல்லாத ஒரு தரிப்பிடத்தில் ஐஸ்பெட்டி பிட்டோடு காத்திருக்க வேண்டும். பெரிய கொம்பனிக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் இருப்பார்கள், தனி ஆளுக்கு இணையத்தில் லோட் தேடும் லோட் போர்ட்தான். அப்புறம் சுங்கம். எல்லைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு முன்னராவது மனிபெஸ்ட், அதாவது சரக்கு விபரப் பட்டியல், மின்னணு முறையில் போயிருக்க வேண்டும். ஒரு முறை நான் அனுப்பியதில் ஓர் இலக்கம் பிழை. சார்னியாவில் புளூ வோட்டர் பாலத்தடியில் ஓரமாக நிறுத்தி, போனில் திருத்தித் திருத்தி, அந்த நாளே போய்விட்டது. கொம்பனியில் இருந்தால் அது ஒப்பீஸில் இருக்கும் ஒரு பிள்ளையின் வேலை.

இண்டியானாவில் ஒரு லோட் புரோக்கர் காசு தராமலே காணாமற்போனதும் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டொலர் பிணை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த 75,000த்தில் பங்கு கேட்டு என்னைப் போல எத்தனையோ பேர் வரிசையில் நின்றோம், கைக்கு வந்தது ரயருக்கும் காணாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சொந்தப் பெயரில் ஓடிய அந்த ஏழு வருஷமும் பாழ் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2021இல் லோட் விலை ஏறிய ஏற்றத்தில் வீட்டுக் கடனில் ஒரு பெரிய துண்டு போனது. கதவில் சொந்தக் கொம்பனிப் பெயர் ஒட்டியிருந்தது. அந்த ஸ்ரிக்கரை இன்னும் பேஸ்மென்ரில் சுருட்டி வைத்திருக்கிறேன், எறிய மனமில்லை. பிறகு 2022இல் விலை சரிந்தது. அந்த ஏற்றத்தில் ட்ரக் வாங்கியவன் எல்லாரும் அதே லோட்டுக்கு அடிபட்டோம். 2023 ஓகஸ்டில் 99 வருஷப் பழைய ட்ரக் கொம்பனி யெல்லோ திவாலானது, ஒக்ரோபரில் இணையவழி லோட் புரோக்கர் கொம்பனியான கொன்வோய் கடையை மூடியது. 2024 மார்ச்சில் எங்கள் மிசிசாகாவின் ட்ரக் கொம்பனியான ப்ரைட் குரூப்பும் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மலைகளே சரிந்த நேரத்தில் ஒற்றை ட்ரக் என்ன செய்யும்? 2023 கடைசியில் நான் திரும்பவும் ஒரு கொம்பனிக்குக் கீழே போய்விட்டேன். இம்முறை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

வாசிப்பதைப் பற்றித்தான் உமக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது.

எல்லாரும் ஒப்பந்தத்தை முதற்பக்கத்தில் தொடங்குகிறார்கள். வீதம், மைல் காசு, கையெழுத்துப் போனஸ் எல்லாம் அங்கேதான் இருக்கும். நீர் கடைசிப் பக்கத்தில் தொடங்கும். விட்டுப் போகிறவனுக்கு என்ன நடக்கும் என்று எழுதியிருப்பது அங்கே. நான் 2016இல் அந்த மிசிசாகாக் கொம்பனிக்கு நோட்டீஸ் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பிளேட்டைக் கழற்றிக்கொண்டார்கள். பிளேட் கொம்பனியின் பெயரில், இன்சூரன்ஸ் கொம்பனியின் பெயரில், ஓடும் நேரத்தைப் பதியும் ஈஎல்டி கருவியும் கொம்பனியின் கணக்கில். என்னுடையது என்று நான் நம்பிய ட்ரக் உண்மையில் ஓர் எஞ்சினும் ஒரு கட்டிலும்தான். புதுப் பிளேட்டும் இன்சூரன்ஸும் வரும்வரை அது யார்ட் வாடகை குடித்துக்கொண்டு நின்றது. வங்கி மட்டும் திகதி தவறாமல் காசு எடுத்தது. அவர்களிடம் பிடித்து வைத்திருந்த 3,000 டொலரில் கைக்கு வந்தது 640. மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு ஒரு பட்டியல் வந்தது: நான் இழுக்காத ஒரு ட்ரெயிலரின் ரயர், எட்டு மாதத்துக்கு முந்திய 407 கட்டண நெடுஞ்சாலைப் பில், 'நிர்வாகச் செலவு'. அந்தக் கடைசிச் சொல்லை இன்றுவரை எவரும் எனக்கு விளக்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 1979இல் விதிகள் கொண்டுவந்தார்கள். கொம்பனி உம்மிடம் பிடித்து வைக்கும் காசுக்கு வட்டி தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். லோட் இறக்கிய கடதாசியைக் கொடுத்து 15 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். வீதத்தில் ஓடினால், வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப் பில்லின் பிரதியைச் சாரதிக்குக் காட்ட வேண்டும். எதெதற்குக் காசு கழிப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். டீசலோ ரயரோ அவர்களிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. உம்மோடு கதைக்கும் இரண்டும் கனடாக் கொம்பனிகள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பட்டியலை ஒரு கையில் பிடித்து, அவர்களுடைய ஒப்பந்தத்தை மறு கையில் பிடித்துப் பாரும். எந்த இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்களோ, அந்த இடத்தில் கேளும்.

75 வீதக்காரனிடம் எனக்கு உள்ள கேள்வி, எதில் 75? வாடிக்கையாளர் கொடுத்ததிலா, அவர்களே நடுவில் இன்னொரு பெயரில் வைத்திருக்கும் புரோக்கர் கடை கழித்த பிறகு மிஞ்சியதிலா? டீசல் விலைக்கென்று வாடிக்கையாளர் தரும் மேலதிகக் கட்டணம் அந்த 75க்குள் வருமா, முழுதாக உமக்கா? டீசல் அடிப்பது நீர் என்பதால் அது முழுதாக உமக்கு வர வேண்டும் என்பது என் எண்ணம். மைல் காசுக்காரனிடம் எந்த மைல் என்று கேளும். வீட்டுச்சாமான் ஏற்றுபவர்களுக்கென்று போட்ட பழைய தூர அட்டவணையின் மைல் கணக்கில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் ஒரு மாதம் ஓடோமீற்றரைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன், 100 மைல் ஓடினால் 92க்குத்தான் காசு விழுந்திருந்தது. வெறும் ட்ரெயிலரோடு ஓடும் மைலுக்கும் காசு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கும். லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சில் இருப்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் நல்ல மனுஷனாகவே இருப்பார், அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

கொம்பனியின் அமெரிக்கப் போக்குவரத்து இலக்கத்தை இணையத்தில் போட்டால் அவர்களுடைய பரிசோதனை, விபத்து விபரம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். அதைப் பார்க்காமல் சேர வேண்டாம். பெயர் கெட்ட கொம்பனியின் ஸ்ரிக்கர் கதவில் இருந்தால், உம்முடைய பிறேக் எவ்வளவு வடிவாக இருந்தாலும் ட்ரக் நிறுக்கும் தராசடியில் சோதிக்க உள்ளே கூப்பிடுவார்கள். அதைவிட, அங்கே ஓடிவிட்டு விலகிய இரண்டு பேரைத் தேடிப் பிடியும். ஓடிக்கொண்டிருப்பவனிடம் கேட்க வேண்டாம், ஆள் சேர்த்தால் அவனுக்கும் காசு கிடைக்கும்.

என்னைக் கேட்டால், இரண்டு வருஷம் கொம்பனிக்குக் கீழே ஓடும். பிள்ளைகள் சின்னது, வங்கிக் கடன் புதிது, அந்த வொல்வோ எனக்குத் தெரிய ஏற்கனவே ஒரு தரம் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் கோளாறு காட்டியது. அது திரும்ப ஒருநாள் ஒஹாயோவில் விளக்குப் போடும். பழுதுக்கென்று மைலுக்கு 15 சதம் தனிக் கணக்கில் போட்டு வையும், அண்ணி எனக்கு அப்படித்தான் செய்தா, இல்லாவிட்டால் 2019இல் ட்ரக்கை விற்றிருப்பேன். பிளேட்டை உம்முடைய பெயரில் எடுக்க விடுகிற கொம்பனி கிடைத்தால், வீதம் இரண்டு குறைந்தாலும் அதையே பாரும். விலகும்போது அனுபவக் கடிதம் இத்தனை நாளுக்குள் தருவோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லும். சிரிப்பார்கள். எழுதித் தருபவன் இருக்கிறான், நான் இப்போது ஓடுகிற இடத்தில் எழுதித் தந்தார்கள்.

மச்சானிடம் கோபிக்க வேண்டாம். கதவில் சொந்தப் பெயரைப் பார்க்கிற ஆசை எனக்குப் புரியாததில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கடிதம் கையில் இருந்தால் இன்சூரன்ஸ் புரோக்கர் வேறு குரலில் கதைப்பார், அப்போது மூன்று பேருமாக இருந்து பார்ப்போம்.

இரண்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் இன்று இரவே வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும். ஞாயிறு நாலு மணிக்குப் பிறகு வாரும், அண்ணி புட்டு அவிப்பா. காரில் வாரும். ட்ரக்கை எங்கள் தெருவுக்குக் கொண்டுவர வேண்டாம், போன முறை சிற்றிக்காரன் எழுதின டிக்கட் என்னிடம்தான் கிடக்கிறது.

அன்புடன்,
அண்ணை