ஏப்பம் விடுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உற்பத்தியையும் நுகர்வையும் குறைத்துக்கொண்டு வாழ்வோம் என்று சொல்லும் பிரான்சின் வளர்ச்சிக் குறைப்பு இயக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'வயிறு நிறைந்த வெள்ளைக்காரர்கள் விடும் ஏப்பம்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். கைதட்டல் வாங்குகிற வரிதான். ஆனால் அந்த ஏப்பக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பல வருடமாக ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

காரைக்காலிலிருந்து வந்து லியோனில் எலெக்ட்ரீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் சனிக்கிழமைகளில் ரிப்பேர் கஃபே நடக்கும். கெட்டுப்போன சாமானைக் கொண்டுவருகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்போம். அங்கே யார் வருகிறார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்தாரா? ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் அல்ஜீரியப் பெண்கள், பென்ஷன் பணம் மாதக் கடைசிவரை போதாத கிழவர்கள், வேலை இல்லாத பையன்கள். போன மாதம் ஒரு பாட்டி காபி மெஷினைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அடியில் இருந்த ஸ்க்ரூ சாதாரண டிரைவருக்கு மசியாத ரகம். யாரும் திறக்கக் கூடாது என்றே வைத்தது. ஒருவழியாகத் திறந்தால், சூடு ஏறினால் அறுந்துபோகிற சின்ன ஃபியூஸ் ஒன்று போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு யூரோகூடப் பெறாது. கடைக்காரர் அந்த அம்மாவிடம் புது மெஷின் வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிறைந்த வயிறு எது ஐயா, பாட்டியுடையதா, விற்றவருடையதா?

சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே பொருள் தயாரிப்பது இங்கே 2015 முதல் குற்றம். இரண்டு வருடச் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2021-இல் போன், டி.வி., வாஷிங் மெஷின் விற்கும்போது, அதை எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டோடு காட்ட வேண்டும் என்று விதி வந்தது. யாரும் கேட்காமல் அரசாங்கம் தானாக மனமிரங்கிச் செய்ததா இது?

'பாரிஸ் பேராசிரியர்களின் மூளையில் உதித்தது' என்றும் எழுதியிருக்கிறார். பொருளாதாரப் பேராசிரியர் செர்ஜ் லதூஷின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் 2002 வாக்கில் இதைப் பொதுப்பேச்சாக்கியதில் லியோன்காரர்களுக்கு, அதுவும் விளம்பரத்தை எதிர்த்துக் கிளம்பிய ஒரு சின்னக் கூட்டத்துக்கு, முக்கியப் பங்கு உண்டு. 'லா தெக்ருவாசான்ஸ்' (வளர்ச்சிக் குறைப்பு) என்ற பத்திரிகையும் 2004-இல் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. அதே வருடம் பிரான்சுவா ஷ்னைடர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கழுதையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து இதைப் பேசினார். 2005 ஜூனில் லியோனிலிருந்து மாஞி-கூர் பந்தயத் திடலுக்கு ஒரு கூட்டம் நடந்தே போனது. ஃபார்முலா 1 கார் பந்தயத்தை நிறுத்து என்பது கோரிக்கை. பந்தயம் நிற்கவில்லை, சரி. ஆனால் 2024-இல் சென்னைத் தெருவில் ஃபார்முலா 4 ஓடியபோது நீங்கள் போட்ட வண்ணப் பக்கங்களைப் பார்த்த பிறகு, அந்தக் கழுதையின் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

இவர்களிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்று பேர் கூடினால் நான்கு கோஷ்டி. கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லாத கிராமத்துக்காரனிடம் சைக்கிள் மகிமை பேசுகிறவர்களும் உண்டு, எரிச்சலாக வரும். அதையெல்லாம் எழுதியிருந்தால் கட்டுரையாளருக்கு நானே நன்றி சொல்லியிருப்பேன்.

நாந்த் நகருக்குப் பக்கத்தில் நோத்ர்-தாம்-தெ-லாந்த் விமான நிலையத் திட்டம் பல பத்தாண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜனவரியில் கைவிடப்பட்டது. அங்கே முன்னால் நின்றவர்கள் மாடு வளர்க்கும் விவசாயிகள். சென்னையின் புது விமான நிலையத்தை எதிர்க்கும் பரந்தூர்க்காரர்களுக்கு உபயோகப்படுமே என்று அப்போதைய விவரங்களைத் தொகுத்து உங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அதை வெட்டி, 'இதழ் அருமை' என்ற கடைசி வரியை மட்டும் போட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று புரிந்துகொண்டேன். அடுத்த பக்கம் முழுக்க வீட்டுமனை விளம்பரம்.

அப்புறம், இந்த யோசனைக்கு வெள்ளைக்கார முத்திரை குத்த என்ன அவசரம்? தஞ்சாவூரில் பிறந்து, கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா 1940-களில் சிறையில் உட்கார்ந்து, இயற்கை வளத்தைத் தீர்த்துவிடாத நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதினாரே, உங்களுக்குத் தெரியாததா? அவரைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பத்திகூட நான் பார்த்ததில்லை. அவருக்கும் வயிறு நிறைந்திருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

மறுப்பு வெளியிடுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. எனக்கு வரும் பிரதி இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள், இலவச ஷாம்பு பாக்கெட்டோடு வருகிறது. அடுத்த மாதம் முதல் வெறும் காகித உறையில் அனுப்பினால் போதும். ஷாம்பு வேண்டாம், எனக்குத் தலையில் முடி இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
வில்யுர்பான், பிரான்ஸ்