2024-25 ஆண்டறிக்கை: ஹைஸ்கூல் ஃபுட்பால் தமிழ்ப் பெற்றோர் சங்கம்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்கை பொருளாளர் அண்ணா தனியா படிப்பார், நான் அதுக்குள்ள போகல. வருஷம் பூரா என்ன நடந்துச்சுன்னு சொல்றது என் வேலை, ஆனா இந்த வருஷம் அறிக்கைல முக்கால்வாசி ஒரே ஒரு வியாழக்கிழமை சாயந்தரத்தைப் பத்தியும் அதுக்கப்புறம் நாம செஞ்சதைப் பத்தியும்தான் இருக்கும், அதை முன்னாடியே சொல்லிடுறேன்.

புதுசா சேர்ந்த குடும்பங்களுக்காக ரெண்டு வரி. நம்ம சங்கத்துல இருக்கிறவங்க எல்லாருமே டெக்சாஸ்ல டாலஸ் வடக்குப் பக்கம் ஒரே ஹைஸ்கூலுக்குப் பிள்ளைங்கள அனுப்புறவங்க. சில பேரு பசங்க டீம்ல ஆடுறாங்க, சில பேரு பிள்ளைங்க மார்ச்சிங் பேண்ட், டிரில் டீம்னு சொல்ற டான்ஸ் குழு, என் பொண்ணு ஸ்டூடன்ட் ட்ரெய்னர், அதாவது தண்ணி பாட்டிலும் டேப்பும் தூக்கிட்டு டீம் கூடவே நிக்கிற வேலை. இங்க ஃபுட்பால்னா நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கைல பிடிச்சுக்கிட்டு ஓடுற, ஆளை இடிச்சுத் தடுக்கிற அமெரிக்கன் ஃபுட்பால், அது என்னன்னு ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். பக்கத்து ஊரு ஆலன்ல 2012ல ஒரு ஹைஸ்கூலுக்கு 60 மில்லியன் டாலர்ல 18,000 பேர் உக்கார்ற ஸ்டேடியம் கட்டினாங்கன்னு சொன்னா என் அம்மா இன்னும் நம்பல. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே அங்கதான் இருக்கும், நாமளும் அங்கதான்.

ஆகஸ்ட் வெயில்ல பிராக்டிஸ் ஆரம்பிச்சப்போ டீம்ல அடிபட்டவங்களைப் பாத்துக்கிற ட்ரெய்னர் கேட்ட ஐஸ் டப்பை வாங்கிக் கொடுத்தோம். சூடு மூளைக்கு ஏறி பையன் விழுந்தா முதல்ல ஐஸ் தண்ணில போட்டு உடம்பைக் குளிர வைக்கணும், ஆம்புலன்ஸ்ல ஏத்துறது அதுக்கப்புறம்தான், அரை மணி நேரத்துக்குள்ள டெம்பரேச்சரை இறக்கணும்னு அவர் சொன்னார். சீசன் முடியுற வரைக்கும் அந்த டப்பை அந்த மாதிரி உபயோகிக்க வேண்டிய அவசியம் வரல. வாங்கினது வீண்னு யாரும் நினைக்க வேண்டாம், அது சும்மா இருந்ததுல எனக்கு ரொம்ப நிம்மதி.

இப்போ அந்த வியாழக்கிழமைக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை வார்சிட்டி, அதாவது ஸ்கூலோட முதல் டீம் மேட்ச் பெரிய ஸ்டேடியத்துல நடக்கும், அங்க கேட்ல ஆள் இருப்பாங்க, கழுத்துல பாஸ் இல்லாம யாரையும் கீழ விட மாட்டாங்க. ஆனா ஜேவி, அதாவது ரெண்டாவது டீம் மேட்சும் ஒன்பதாம் கிளாஸ் பசங்க மேட்சும் வியாழக்கிழமை ஸ்கூல் பின்னாடி இருக்கிற பிராக்டிஸ் கிரவுண்ட்ல நடக்கும், ஒரு பக்கம் மட்டும் சின்ன பிளீச்சர், அதாவது படிப்படியா உக்கார்ற பெஞ்சு, இன்னொரு பக்கம் வெறும் புல்லு, தடுப்பு எதுவும் கிடையாது, அதனால நாம எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் சைட்லைனுக்கு, அதாவது மைதானத்தோட பக்கவாட்டு எல்லைக் கோட்டுக்கு ஒட்டியே போட்டு உக்காந்துடுவோம். பல வருஷமா அப்படித்தான். யாரும் தப்பா நினைச்சதே இல்ல, நம்ம ஊர் கபடி மேட்ச்ல கோட்டுக்கு ஒட்டி சம்மணம் போட்டு உக்காந்து பாத்து வளர்ந்தவங்கதானே நாம, பக்கத்துல இருந்து பாத்தாதான் பாத்த மாதிரி இருக்கும்.

அன்னைக்கு எதிர் டீமைத் தடுக்கிற இடத்துல, லைன்பேக்கரா ஆடுற நம்ம பையனோட தாத்தா வந்திருந்தார். விருதுநகர் பக்கத்துலேருந்து ஆறு மாசத்துக்கு வந்தவர், எழுபத்தி மூணு வயசு, பேரன் ஆடுறதை முதல் தடவையா பாக்க வந்திருக்கார், பிளீச்சர் படி ஏற முட்டி ஒத்துழைக்கல. நான்தான் "அப்பா, இங்க உக்காருங்க, இங்கேருந்து நல்லா தெரியும்"னு சொல்லி என் கார்லேருந்து ஒரு நாற்காலியை எடுத்து லைனுக்கு ரெண்டடி தள்ளிப் போட்டுக் கொடுத்தேன். இதை நிர்வாகக்குழுவுல அன்னைக்கே சொல்லிட்டேன், இங்கயும் பதிவாகணும். அந்த நாற்காலியைப் போட்டது செயலாளர்.

மூணாவது குவார்ட்டர்ல எதிர் டீம் ரிசீவர், அதாவது வீசுற பந்தைப் பிடிக்கிற பையன், சைட்லைன் ஓரமா வந்த பந்தை ஓடிக்கிட்டே பிடிச்சான், நம்ம பையன் தோள்ல இடிச்சு வெளிய தள்ளினான், ரூல்படி சரியான ஆட்டம்தான், ஃபவுலே இல்ல, ஆனா அந்த ரிசீவர் கோட்டைத் தாண்டி வந்த வேகத்துல நேரா எதிர்ல தாத்தா. அவன் மோதாம இருக்க உடம்பைத் திருப்பினான், காலு புல்லுல அப்படியே பதிஞ்சு நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்புச்சு, முட்டி போயிடுச்சு. அவனோட தோள் பட்டு தாத்தா நாற்காலியோட பின்னால விழுந்து கையை ஊனினதுல மணிக்கட்டு உடைஞ்சது. முதல்ல ஓடினது என் பொண்ணு. தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டே கேட்ட முதல் கேள்வி "அந்தப் புள்ளைக்கு என்னாச்சும்மா?"

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துடுச்சு, ஆனா கிரவுண்டுக்கு வர்ற பின் கேட் பூட்டியிருந்தது, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. ஸ்ட்ரெச்சரை சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. மணிக்கட்டும் முட்டியும்ங்கிறதால அந்தத் தாமதத்தைத் தாங்குச்சு. நெஞ்சு நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன், தூக்கமே வரல.

அந்த ரிசீவர் பையனுக்கு முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல் லிகமென்ட் கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சது, ஆபரேஷன், சீசன் முடிஞ்சது. அவனைப் பாக்கணும்னு தாத்தா பிடிவாதமா நின்னார். ரெண்டு கோச்சுங்க மூலமா கேட்டு அவங்க அம்மா சம்மதிச்சதுக்கப்புறம் தாத்தா, பேரன், நான் மூணு பேரும் போனோம். நோயாளியைப் பாக்க வெறுங்கையோட போகக்கூடாதுன்னு கட்டுப் போட்ட கையோடயே கடைல நின்னு ஆப்பிளும் ஆரஞ்சும் பொறுக்கி எடுத்தார். அந்தப் பையன் சோஃபால காலை நீட்டிக்கிட்டு, எழுந்திருக்கப் பாத்தான், வேண்டாம்னோம். "சார், நான் உங்கள பாக்கல, நாற்காலியைத்தான் பாத்தேன், அது மேல விழக்கூடாதுன்னு திரும்பினேன்"னு சொன்னான். பேரன் அதைத் தமிழ்ல சொல்றதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சிடுச்சு, என்னால அங்க நிமிர்ந்து பாக்க முடியல.

இதுவரைக்கும் சைட்லைன் சேஃப்டின்னா நம்மள காப்பாத்திக்கிறதுன்னுதான் நினைச்சிட்டிருந்தோம். மைதானத்துக்கு வெளிய இருக்கிற அந்த இடம் உண்மையில ஆடுற பசங்களோடது, ஓடி வர்ற பையன் வேகத்தைக் குறைக்கிறதுக்கு வேணும்கிற இடம் அது. நாம அங்க நாற்காலி போட்டா அவனோட இடத்தை எடுத்துக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்க, 40 கஜத்தை 5 செகண்டுல ஓடுற சாதாரண பையன் ஒரு செகண்டுக்கு 24 அடி போவான். ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கிறவங்களுக்கு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு கூடக் கிடையாது. இளவட்டமா இருந்தாலும் எழுந்திருக்க முடியாது.

ரூல் புக்கை எடுத்துப் படிச்சோம். டெக்சாஸ்ல ஸ்கூல் போட்டிகளை நடத்துற யூஐஎல் அமைப்பு ஹைஸ்கூல் ஃபுட்பாலை காலேஜ் ரூல்ல, அதாவது என்சிஏஏ ரூல்ல சில மாற்றத்தோட நடத்துறாங்க, பெரும்பாலான மாநிலங்கள்ல ஹைஸ்கூலுக்குன்னு தனி ரூல் புக் உண்டு. நமக்குப் பொருந்துற என்சிஏஏ ரூல்ல சைட்லைனுக்கு வெளிய 12 அடில லிமிட் லைன்னு விட்டு விட்டு ஒரு கோடு போடணும்னு இருக்கு, இடம் பத்தாத கிரவுண்டுல கூட 6 அடிக்குக் குறையக்கூடாது. டீம் ஆளுங்களுக்குன்னு தனி ஏரியா இருக்கு, மத்தபடி அந்தக் கோட்டுக்குள்ள பார்வையாளர் வரவே கூடாது. கோச்சுங்களுக்கே கட்டுப்பாடு இருக்கு, பந்து ஆட்டத்துல இருக்கும்போது லைன் ஓரம் வந்து நின்னா முதல் தடவை வார்னிங், அடுத்த ரெண்டு தடவை டீமுக்கு 5 கஜம் பெனால்டி, அதுக்கப்புறம் 15 கஜம், ஓடுற ரெஃப்ரி மேல இடிச்சா நேரா 15. பெரிய பெரிய கோச்சே மாட்டியிருக்காங்க, 2006ல விஸ்கான்சின்ல காலேஜ் டீம் கோச் ஜோ பட்டர்னோவுக்கு 79 வயசுல சைட்லைன் மோதல்ல கால் உடைஞ்சது, 2011ல என்எஃப்எல் தொழில்முறை டீம் கோச் ஷான் பேட்டனுக்கும் அதே மாதிரி காலும் முட்டியும் போச்சு. காலமெல்லாம் சைட்லைன்லயே நின்னவங்க நிலைமையே அப்படி.

அடுத்த வியாழக்கிழமையே நாலு பேர் டேப் வெச்சு 12 அடி அளந்து கயிறும் கோனும் வெச்சோம். அத்லெடிக் டிபார்ட்மென்ட் கிட்ட எழுதிக் கொடுத்தோம், ரெண்டு வாரத்துல பெயிண்ட்டே அடிச்சுக் கொடுத்தாங்க, அதுக்கு நன்றி. ஒவ்வொரு வியாழனும் ரெண்டு பெற்றோர் மஞ்சள் வெஸ்ட் போட்டு லைனைப் பாத்துக்கணும்னு முறை வெச்சோம். நாற்காலி, ஸ்ட்ரோலர், ஐஸ் பாக்ஸ், பேண்ட் பசங்க கீழ வைக்கிற இசைக்கருவி எல்லாம் கோட்டுக்குப் பின்னாடி. போட்டோ எடுக்கிற அப்பாக்களுக்கு ஒண்ணு, முட்டி போட்டு உக்காந்து எடுக்காதீங்க, பந்து உங்க பக்கம் வந்தா லென்ஸ்லேருந்து கண்ணை எடுத்துடுங்க, பின்னாடி ஒதுங்க இடம் இருக்கான்னு முதல்லயே பாத்துக்கோங்க, பெரிய லென்ஸ்ல பாக்கும்போது ஆள் எவ்ளோ பக்கத்துல வந்துட்டான்னே தெரியாது. கேம் ஃபிலிம் எடுக்க உயரத்துல ஆள் ஏறுற யோசனையையும் விட்டுட்டோம். 2010ல நோட்டர் டேம் காலேஜ்ல பலத்த காத்துல ஆளை உயரத்துக்குத் தூக்குற லிஃப்ட் மேடை சாஞ்சு பிராக்டிஸ் படம் எடுத்துட்டிருந்த ஒரு மாணவன் இறந்துட்டான், அதைப் படிச்சதுக்கப்புறம் கம்பத்துல கேமராவை ஏத்தி கீழேருந்து ஆப்பரேட் பண்றதுக்கு நம்ம பங்குப் பணத்தைக் கொடுத்தோம்.

இதுல எல்லாருக்கும் சம்மதம் இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு குடும்பம் கோவிச்சுக்கிட்டாங்க, "எங்க பையனைப் பாக்கத்தானே வர்றோம், 12 அடி தள்ளி நின்னா முன்னாடி நிக்கிறவங்க முதுகுதான் தெரியுது, படி ஏற முடியாத பெரியவங்க என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானது. அதனாலதான் பிளீச்சர்ல கைப்பிடிக் கம்பி இருக்கிற கீழ் வரிசையைப் பெரியவங்களுக்குன்னு ஒதுக்கிக் கேட்டு வாங்கினோம், கை பிடிச்சு ஏத்திவிட பேண்ட் பசங்க ரெண்டு பேர் நிப்பாங்க. ஒரு குடும்பம் திரும்பி வந்துட்டாங்க, இன்னொரு குடும்பம் இன்னும் வரல, நான் ரெண்டு தடவை வீட்டுக்கே போய் பேசினேன், திரும்பவும் போவேன். ஆனா கோட்டை மட்டும் தளர்த்த முடியாது, அதுல நான் உறுதியா இருக்கேன்.

சாவி விஷயம் முடிஞ்சது. இப்போ பின் கேட் சாவி ஒண்ணு அன்னைக்கு வெஸ்ட் போட்டவங்க கைல இருக்கும், யாரு 911 கூப்பிடணும், யாரு கேட்ல நின்னு ஆம்புலன்ஸை வழிகாட்டணும், நின்ன நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற ஏஈடி மெஷின் எங்க இருக்குன்னு மேட்ச்சுக்கு முன்னாடியே பேசிக்கிறோம். ஜனவரி 2023ல சின்சினாட்டி மேட்ச்ல தொழில்முறை ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் நெஞ்சுல அடிபட்டு விழுந்ததை டிவில எல்லாரும் பாத்தோம், மைதானத்துலயே சிபிஆரும் ஷாக்கும் கொடுத்ததாலதான் பிழைச்சு அடுத்த சீசன் திரும்ப ஆடினார். அதனால பிப்ரவரில நம்ம உறுப்பினர்களுக்கு சிபிஆர் கிளாஸ் வெச்சோம். நிமிஷத்துக்கு 100லேருந்து 120 அழுத்தம், ரெண்டு இஞ்ச் ஆழம், பயப்படாம அழுத்தணும், நிறைய அம்மாக்கள் முதல் தடவை பொம்மை மேல கை வெச்சப்போ ரொம்ப மெதுவா அழுத்தினாங்க, மூணாவது சுத்துல சரியா வந்துடுச்சு.

தலைல அடிபட்ட விஷயத்துல ஒண்ணு மட்டும் ஞாபகப்படுத்துறேன். 2011லேருந்து டெக்சாஸ்ல சட்டமே இருக்கு, கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குன்னு சந்தேகம் வந்தா அன்னைக்குத் திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்து படிப்படியாத்தான் வரணும். பையன் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னாலும் ட்ரெய்னர் கிட்ட அவனுக்காகப் பேசப் போகாதீங்க.

மத்தபடி வழக்கமான வேலைங்க நல்லா நடந்துச்சு. ஹோம்கமிங்ங்கிற ஸ்கூல் விழாவுக்குப் பசங்க குத்திக்கிற மம்ங்கிற பெரிய பூ அலங்காரத்தைக் கட்டிக் கொடுத்து நிதி சேத்தோம், மல்லிகை கட்டிப் பழகின கைங்க ரிப்பனையும் மணியையும் கோக்கிறதைப் பாத்து பூஸ்டர் கிளப் அம்மாக்கள் அசந்துட்டாங்க. சனிக்கிழமை கணக்கு டியூஷன் தொடர்ந்தது, 70 மார்க்குக்குக் கீழ போனா மூணு வாரம் ஆட முடியாதுங்கிற ரூலால ரொம்ப உபயோகமா இருந்துச்சு. ஊர்லேருந்து பெத்தவங்களைக் கூப்பிடுறவங்க விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல எது கவர் ஆகும்னு டிக்கெட் போடும்போதே படிச்சுடுங்க, தாத்தா வீட்ல பில்லைப் பாத்து பட்ட கஷ்டம் வேற யாருக்கும் வர வேண்டாம்.

ஆகஸ்ட் ஸ்க்ரிம்மேஜுக்கு, அதாவது பயிற்சி மேட்ச்சுக்கு வெஸ்ட் போட இன்னும் மூணு பேர் தேவை, பேர் கொடுங்க. தாத்தா ஊருக்குப் போயிட்டார், மணிக்கட்டு கூடிடுச்சு, ஆனா இன்னும் முழுசா மடக்க முடியல. மாசம் ஒரு தடவை எனக்கு ஃபோன் பண்ணி அந்தப் பையன் ஓட ஆரம்பிச்சுட்டானான்னு கேக்குறார். போன வாரம் நேரா ஓட விட்டிருக்காங்களாம், திரும்பி ஓட இன்னும் விடலன்னு அவங்க அம்மா மெசேஜ் போட்டாங்க, அதைத் தாத்தாவுக்கு அப்படியே சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்