அந்த 4.6 வினாடிக் கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க மசில் கார் (1960-70களில் பெரிய எஞ்சின் பூட்டி விற்ற வேகக் கார்கள்) கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்த விஷயத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்கியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் போட்டி) பகுதியில் கட்டுரையாளர் தடுமாறிவிட்டார். ஒரு பக்கத்தில், 1964 போன்டியாக் ஜிடிஓ 4.6 வினாடியில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட்டது என்று வாய் பிளக்கிறார். அடுத்த பக்கத்தில், இன்றைய டொயோட்டா கேம்ரியே இவற்றைத் தோற்கடித்துவிடும், எல்லாம் வெறும் சத்தம்தான் என்கிறார். முதலாவது பொய்க் கணக்கு. இரண்டாவது பாதி உண்மை.

நான் மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பிரேக் பாகங்கள் செய்யும் தொழிலில் வேலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் 1970 செவர்லே செவெல் ஒன்று இருக்கிறது. 454 கன அங்குல எஞ்சின், அதாவது 7.4 லிட்டர். எல்லோரும் பேசுகிற 450 குதிரைத்திறன் வகை இல்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ள 360 வகை. கோடையில் அவர் அதை டிராக் பாதைக்குக் கொண்டுபோவார். தண்ணீர்ப் பாட்டில் தூக்கவும் ஜாக்கி அடிக்கவும் நான் கூடப் போவேன்.

டிராக் ரேஸில் கால் மைல் ஓட்டம், அதாவது 402 மீட்டர். ஓடி முடித்ததும் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். அதில் முக்கியமானவை இரண்டு எண்கள்: எடுத்துக்கொண்ட நேரம், கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம். பத்திரிகைகள் முதல் எண்ணைத்தான் தலைப்பில் போடும். காரின் சக்தியைச் சொல்வது இரண்டாவது எண்தான்.

போன ஆண்டு ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். காரில் அன்று இருந்தவை அந்தக் காலத்து அச்சில் வார்த்த டயர்கள். ரேடியலுக்கு முந்தைய ரகம், நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்பார்களே, அந்த ஜாதி. பச்சை விளக்கு விழுந்ததும் கிளட்சை விட்டார். கார் நகர்வதற்கு முன் பின்சக்கரம் இரண்டும் சுற்றின. ஒரே புகை, பின்பக்கம் ஆடுகிறது, ஆக்சிலேட்டரைக் குறைத்து மறுபடி மிதிக்கிறார். முதல் 60 அடியைக் கடக்கவே 2.45 வினாடி ஆகியிருந்தது. கால் மைல் 14.72 வினாடி, கடைசி வேகம் மணிக்கு 97 மைல்.

அப்புறம் பிக்கப் வண்டியில் போட்டு வந்திருந்த, ரேஸுக்கென்றே செய்த ஒட்டுகிற டயர்களைப் பின்னால் மாட்டினோம். எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஓட்டத்தில் 60 அடிக்கு 1.98, கால் மைலுக்கு 13.96 வினாடி. கடைசி வேகம்? 98 மைல். முக்கால் வினாடி குறைந்தது, வேகம் ஒரே ஒரு மைல் கூடியது. சீட்டு கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர், 14 வினாடிக்குக் கீழே வந்துவிட்டீர்கள், இனி ஹெல்மெட் இல்லாமல் ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். 54 வருடப் பழைய காருக்கு இது பெருமைதானே. மனிதர் அந்தச் சீட்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

சக்கரம் சுழன்றால் நேரம்தான் வீணாகிறது. எஞ்சின் என்ன தள்ளுகிறது என்பது பாதையின் கடைசியில் வேகமாகத் தெரிந்துவிடும். எடையையும் அந்த வேகத்தையும் வைத்துக் குதிரைத்திறனைத் தோராயமாகச் சொல்லும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. வேகத்தை 234-ஆல் வகுத்து, மும்மடியாக்கி, ஆளோடு சேர்ந்த எடையால் பெருக்க வேண்டும். அவருடைய கார் சுமார் 4,000 பவுண்டு. கணக்குப் போட்டால் 290-ஐ ஒட்டி வருகிறது. 360 எங்கே போனது? எங்கும் போகவில்லை. அந்தக் காலத்தில் எஞ்சினைக் கழற்றி மேடையில் வைத்து, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்து விளம்பரம் செய்தார்கள். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய அளவையும் புதிய அளவையும் சேர்த்தே வெளியிட்டது. கார்வெட்டில் வந்த 454-க்குப் பழைய முறையில் 365, காரில் பூட்டிய நிலையில் 285. கட்டுரையில் உள்ள ஒப்பீட்டு அட்டவணை இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 1970-இன் குதிரையையும் இன்றைய குதிரையையும் ஒரே வண்டியில் பூட்டியிருக்கிறது.

சரி, ஜிடிஓவுக்கு வருவோம். 1964 மார்ச் மாத 'கார் அண்ட் டிரைவர்' இதழ் போன்டியாக் ஜிடிஓவை அதே பெயருள்ள இத்தாலிய ஃபெராரி ஜிடிஓவோடு மோதவிட்டதுபோல் அட்டை போட்டது. உள்ளே ஃபெராரியை ஓட்டிப் பார்க்கவே இல்லை, எல்லாம் காகிதத்தில் நடந்த போட்டி. 4.6 வினாடி அங்கிருந்துதான் வந்தது. கால் மைல் 13.1 வினாடி, கடைசி வேகம் 115 மைல் என்றும் போட்டிருந்தார்கள். இந்த 115-ஐ அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 400-ஐத் தாண்டி வெகுதூரம் போய்விடும். பேனட்டுக்குள் இருப்பதாகச் சொன்ன 389 கன அங்குல எஞ்சினுக்கோ மேடைக் கணக்கிலேயே 348-தான். பல வருடம் கழித்து, போன்டியாக்கின் விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வாங்கர்ஸே குட்டை உடைத்தார்: அந்தக் காரில் இருந்தது 421 கன அங்குல எஞ்சின். அதைத் தயார் செய்த ராயல் போன்டியாக் கடை ராயல் ஓக் ஊரில்தான் இருந்தது, என் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். ஷோரூமிலிருந்து எந்த மாற்றமும் இல்லாமல் எடுத்து வந்த ஜிடிஓ 15 வினாடியை ஒட்டித்தான் ஓடும். அன்றைக்கு அதுவே வேகம்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றியிருக்கிறார்கள். கட்டுரை இதைத் தொடவே இல்லை. 1968 நடுவில் வந்த ஃபோர்டு மஸ்டாங் 428 கோப்ரா ஜெட்டுக்கு 335 குதிரைதான் என்று ஃபோர்டு எழுதிக் கொடுத்தது. 'ஹாட் ராட்' இதழ் ஓட்டியபோது 13.56 வினாடி, 106.64 மைல். சூத்திரப்படி காரில் பூட்டிய நிலையிலேயே 340 வருகிறது என்றால், மேடைக் கணக்கில் 335 எப்படி இருக்கும்? டிராக் சங்கமான என்ஹெச்ஆர்ஏ, எடைக்கும் அறிவித்த குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் வகுப்பு பிரித்தது. குறைத்துச் சொன்னால் இளைத்தவன் வகுப்பில் நின்று ஜெயிக்கலாம். இன்ஷூரன்ஸ்காரர்கள் கண்ணிலும் மண்ணைத் தூவலாம்.

கட்டுரையில் '10 வினாடி டாட்ஜ் டார்ட்' என்று வருவது 1968 ஹெமி டார்ட். அது ரேஸுக்கென்றே செய்தது. ஃபைபர்கிளாஸ் பேனட், பின்சீட் கிடையாது, ஹீட்டர் கிடையாது. அதைச் சாலைக் கார்களோடு ஒரே பட்டியலில் போட்டது தவறு.

கேம்ரி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். 2024 வரை வந்த 301 குதிரை வி6 கேம்ரி கால் மைலை 14 வினாடி சொச்சத்தில் முடிக்கும். பழைய டயரில் ஓடும் என் பக்கத்து வீட்டுக்காரரோடு அது தாராளமாக மல்லுக்கு நிற்கும். ஆனால் அவர் பின்டயரை மாற்றினால் கேம்ரி பின்தங்கிவிடும். அன்று 3,000 டாலருக்குள் பிளிமத் ரோட் ரன்னர் வாங்கிய பையன், கால் மைலுக்கு 14 வினாடி, கடைசியில் 100 மைல் என்ற கணக்கில் திட்டமிட்ட ஒரு காரை வாங்கினான். 1968-இல் குடும்பக் கார் ஒன்றும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. 38-ஆம் பக்கப் படத்துக்கு '450 குதிரைத்திறன் கொண்ட 1970 செவெல்' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது 1971 கார். பின்பம்பரில் பக்கத்துக்கு இரண்டாக வட்ட விளக்குகள் இருக்கின்றன பாருங்கள், 1970-இல் அவை செவ்வகம். அந்த 450 குதிரை எஞ்சின் 1971 செவெலில் வரவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டிராய், மிச்சிகன்